படமும் பண்டமும்: ஊர் வாணிகத்தின் காட்சிக் கதைகள் பற்றியதொரு திறனாய்வு

வாணிகம் பண்டத்தால் மாத்திரம் நடைபெறுவதன்று. பண்டம் உண்டு என்பதை அறிவிக்கும் குறியாலும் நடைபெறுவது. இதனைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளிலே பலவகைக் கொடிகள் ஆடிநின்றமையைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. தெய்வம் உறையும் வாயிலிற் கட்டிய கொடி, கல்வி வல்லார் வாதுக்கு அழைத்து நாட்டிய கொடி, துறையில் நின்ற மரக்கலங்களின் கொடி, கள் விற்கும் மனையின் கொடி என அவை வகைப்படும். மதுரைக்காஞ்சியும் மாடமதுரையின் அங்காடிகளைக் கூறுமிடத்துக் கொடிகளை மறந்திலது. கொடியைக் கண்டார், இவ்விடத்து இன்னது கிடைக்கும் என்று உணர்ந்தனர். எழுத்தறியாதாரும் உணரத்தக்க விளம்பரம் அது. ஆயினும் கொடி செய்தி ஒன்றைச் சொல்லியதேயன்றிக் கதை சொல்லவில்லை.

இன்று கொடியின் இடத்தைக் கைத்தொலைபேசியின் திரை பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் எண்ணெய் ஆட்டுவோரும், பலகாரம் சுடுவோரும், சேலை தைப்போரும், பனம்பொருள் விற்போரும் சமூக ஊடகங்களிலே தத்தமக்கெனப் பக்கம் வைத்திருக்கின்றனர். அப்பக்கங்களிலே பண்டத்தின் பெயரும் விலையும் மட்டும் இடம்பெறுவதில்லை. பண்டம் எவ்வாறு உருவாகின்றது, எவர் கையால் உருவாகின்றது, அதனை வாங்கியோர் எவ்வாறு மகிழ்ந்தனர் என்பன படங்களாகவும் சிறு சலனப்படங்களாகவும் தொடுக்கப்படுகின்றன. இவற்றைக் காட்சிக் கதைகள் என்பாம். இக்காட்சிக் கதைகளை ஒருவகை ஆக்கமாகக் கொண்டு, அவற்றின் குணமும் குற்றமும் நாடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளம்பரமும் திறனாய்வுக்கு உரிய பொருளோ என்று வினவுவார் உளர். காவியத்தையும் கடைப்பலகையையும் ஒரே தராசில் இடுதல் தகுமோ என்பது அவர்தம் ஐயம். அதற்கு விடை எளிது. நம் மாணாக்கர் ஒரு நாளிற் படிக்கும் செய்யுளிலும் பார்க்கும் விளம்பரமே மிகுதி. சுவையுணர்வை நாள்தோறும் உருவாக்கும் ஓர் ஆக்கவகை, ஆராய்வார் இன்றி விடப்படுமாயின் அதனாற் கெடுவது வாணிகம் மாத்திரமன்று. காண்போரது உணர்வுங் கெடும். அன்றியும், இக்கல்லூரியிற் படிப்போர், படித்து நீங்கினோர் ஆகியோருள் பலருடைய குடும்பங்கள் சிறு வாணிகத்தால் வாழ்வன. அவர்தம் தொழிலுக்கு உதவாத திறனாய்வு யாருக்கு உதவும்?

முதலில் இவ்வூடகங்களின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். முகநூல் 2004ஆம் ஆண்டிலும், யூரியூப் 2005ஆம் ஆண்டிலும், இன்ஸ்டகிராம் 2010ஆம் ஆண்டிலும் தோன்றின. இன்ஸ்டகிராம் 2016ஆம் ஆண்டில், 24 மணித்தியாலத்தில் மறையும் படத்தொடர்களை இடும் வசதியை ஏற்படுத்தி, அதற்குக் 'கதை' என்னும் பொருள்படும் பெயரையே சூட்டியது. சிறு வாணிகருக்கெனத் தனியான வட்ஸ்அப் 2018இல் வெளிவந்தது. இவற்றுக்கு முன்னர்ச் சிறு கடைக்காரருக்கு இருந்த வழிகள் கடைப்பலகையும், துண்டுப்பிரசுரமும், வாய்ச்சொல்லுமே. பத்திரிகை விளம்பரமும் வானொலி விளம்பரமும் பெருமுதல் உடையார்க்கே எளிதாயின. இன்றோ, பெருங் கொம்பனியின் படமும் ஒரு மூலைக்கடையின் படமும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. இஃது ஒரு பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

பேறு பெரிதாயினும் பயன் சிறிதாகவே இருப்பதற்குக் காரணம் என்னை? படம் வேறு, கதை வேறு என்பதை உணராமையே முதற்காரணம் ஆகும். ஒரு தட்டிலே வைத்த பலகாரத்தின் படம் கதையாகாது. அஃது ஒரு பொருளின் தோற்றம் மாத்திரமே. கதை என்பது மாற்றத்தைப் பற்றி நிற்பது. முன்னர் ஒரு நிலை இருந்தது. யாதோ ஒன்று நிகழ்ந்தது. பின்னர் வேறொரு நிலை உண்டாயிற்று என்னும் மூன்றும் இன்றேல் கதை இல்லை.

இதனை விளங்கிக்கொள்ளத் தஞ்சைப் பெருங்கோயிலின் ஓவியமொன்றை நோக்குவோம். அக்கோயிலின் உட்சுற்றில், பிற்கால ஓவியங்களின்கீழ் மறைந்துகிடந்த சோழர்கால ஓவியங்கள் 1931ஆம் ஆண்டிலே வெளிப்பட்டன. அவற்றுள் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு ஒரே சுவரிலே பல நிகழ்ச்சிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. திருமணத்தைத் தடுத்து வழக்காடும் முதியவர் ஓரிடத்தே நிற்கின்றார். சுந்தரர் வெள்ளையானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்லுதல் மற்றோரிடத்தே காணப்படுகின்றது. காண்போன் கண்ணை ஒரு நிகழ்ச்சியினின்றும் மறு நிகழ்ச்சிக்கு இழுத்துச் செல்லும் கட்டு அதில் உண்டு. வழக்குக் காட்சியிலே முழு நிகழ்ச்சியும் முதியவர் கையிலுள்ள ஓர் ஓலையைச் சுற்றியே அமைந்துளது. அவ்வோலையை நீக்கின் கதை இல்லை. காட்சிக் கதை செய்வார்க்கு இதனின்மேலான பாடம் இல்லை. கதை திரும்பும் பொருள் எதுவோ, அதனைத் தேர்ந்து காண்போர் கண்முன் வைத்தல் வேண்டும் என்பதே அப்பாடம்.

இனி, படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை ஆராய்வாம். படம் ஆயிரம் சொல்லுக்கு நிகர் என்பர் சிலர். அஃது அரைகுறை உண்மையே. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் கூறுகின்றது. அங்கே வந்தோர் ஓவியங்களைச் சுட்டி, இவர் யாவர் என வினவுகின்றனர். அறிந்தோர், இவள் இரதி, இவன் காமன் என்றும், இஃது அகலிகையின் கதை என்றும் விளக்குகின்றனர். கண்ட மாத்திரத்தே எல்லார்க்கும் ஓவியம் விளங்கிவிடவில்லை. விளக்கும் சொல் வேண்டியதாயிற்று. நெடுங்காலமாக நம் இலக்கியம் காத்துவைத்துள்ள இச்செய்தியையே பிரெஞ்சு நாட்டுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையிலே வேறொரு வழியால் நிறுவினார். படம் பல பொருளுக்கு இடந்தருவது; அதனோடு வரும் சொல் அப்பல பொருளுள் ஒன்றிலே காண்போனை நங்கூரமிட்டு நிறுத்துவது என்பது அவர்தம் கருத்து.

அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட விளம்பரம் பன்சானி என்னும் பிரெஞ்சு உணவுக் கொம்பனியினது. சந்தைக்குப் போய் மீண்டவரது வலைப்பை ஒன்று பாதி திறந்து கிடக்கின்றது. அதிலிருந்து தக்காளி, வெங்காயம், மிளகாய், காளான் என்பவற்றோடு அக்கொம்பனியின் மாப்பண்டப் பொதிகளும் வெளிவருகின்றன. நிறங்களும் காய்களும் கூடி, இஃது இத்தாலிய நாட்டுச் சுவை என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றன. அவ்வெண்ணம் பிரெஞ்சுக்காரர்க்கே தோன்றும். இத்தாலியர்க்கு அத்துணைத் தோன்றாது என்று பார்த் காட்டுகின்றார். அயலார் தம் மனத்தே வைத்துள்ள இத்தாலியே அப்படத்தில் உளது.

இக்கருத்து நம்மவர் விளம்பரங்களை ஆராய்தற்குப் பெரிதும் உதவுகின்றது. இவற்றுட் பலவற்றில் வாழையிலை, குத்துவிளக்கு, கிடுகுவேலி, மண்பானை என்பன மீண்டும் மீண்டும் வருகின்றன. விற்கும் பண்டத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டோ என நோக்கின் பெரும்பாலும் இல்லை. தொரொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து ஊரை நினைப்பார் மனத்தே உள்ள ஊர் இது. அயல்வீட்டார்க்கு இஃது ஊராகத் தோன்றாது. நாடக மேடையாகவே தோன்றும். தன் ஊரிலே கடை வைத்திருப்பவன் தன் ஊரையே அயலான் கண்ணாற் காணத் தொடங்குதல் இரங்கத்தக்கதன்றோ?

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை இங்கே உரைகல்லாகக் கொள்ளலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்கு உரிய மரமும் உணவும் தொழிலும் கருப்பொருள். மக்கள் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றோடொன்று இயைந்தவிடத்தே அகப்பாட்டு உயிர் பெறும். காட்சிக் கதைக்கும் இது பொருந்தும். பனங்கட்டி விற்கும் ஒருவர் இரண்டு வகையாகக் கதை செய்தார் என்று கொள்வோம்.

முதல்வகையிலே, எங்கோ எடுத்த அழகிய பனந்தோப்பின் படமொன்று, மாலைச் சூரியன், மண்சட்டியிற் குவித்த பனங்கட்டி, பாரம்பரியம், இயற்கை, தூய்மை என்னும் மூன்று சொற்கள். இரண்டாம்வகையிலே, விடியற்பொழுதில் இடுப்பிற் பாளைக்கத்தியோடு மரமேறும் தொழிலாளி. உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டி. தாச்சியிலே கொதித்துத் தடிக்கும் கருப்பநீர். பதம் பார்க்கும் கை. பனையோலைக் குட்டானில் வார்த்து ஆறும் கட்டி. இவற்றோடு, சுண்ணாம்பு இடாவிடிற் கருப்பநீர் புளித்துக் கள்ளாகும் என்னும் ஒரு வசனம்.

இரண்டனுள் எது கதை? முதலாவதில் மாற்றம் இல்லை, பொழுது இல்லை, கை இல்லை. எந்தப் பண்டத்துக்கும் அதனை ஒட்டலாம். இரண்டாவதிலோ முதல், கரு, உரி மூன்றும் தம்முள் இயைந்து நிற்கின்றன. அது கூறும் சுண்ணாம்புச் செய்தியே தஞ்சை ஓவியத்தின் ஓலை போன்றது. கதை திரும்பும் இடம் அது. அதனைக் கண்ட சிறுவனும் ஒன்றை அறிந்துகொள்வான். கண்டாரை ஏதேனும் ஒன்று அறிந்தவராக்கி விடுவதே நல்ல விளம்பரம். இவ்வாறே பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் என்பவற்றுக்கும் கதை உண்டு. கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல் என்னும் வேறுபாட்டை நான்கு படங்களிற் காட்டலாம். நகரத்துப் பிள்ளைகளுட் பலர் அதனை அறியார்.

அடுத்து மெய்ப்பாட்டை நோக்குவோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. இன்றைய காட்சிக் கதைகளுள் உவகையும் மருட்கையும் மிக்குள்ளன. அதனிற் குற்றமில்லை. ஆனால் அண்மைக் காலத்தே அழுகையை விற்பனைக்கு உதவியாகக் கொள்ளும் வழக்கம் பெருகிவருகின்றது. 2009இல் முடிவுற்ற போரின்பின் வடக்கிலே கணவரை இழந்த பெண்கள் பலர் சிறு கைத்தொழில் செய்து குடும்பத்தைக் காத்து வருகின்றனர். அவர் செய்த பண்டத்தை விற்பார் சிலர், பண்டத்தைக் காட்டாது அவர்தம் கண்ணீரையும் ஒழுகும் கூரையையும் காட்டுகின்றனர். நெஞ்சை உருக்கும் இசையும் பின்னணியிற் சேர்கின்றது. நோக்கம் நல்லதாகவே இருத்தல் கூடும். விளைவு யாது?

வறுமை அழுகைக்கு ஒரு நிலைக்களன் எனத் தொல்காப்பியர் கூறியது உண்மையே. அங்கே, தன் வறுமைக்குத் தானே அழுதலும் பிறர் வறுமை கண்டு இரங்கலும் உணர்வின் இயல்பால் நிகழ்வன. அதே வறுமை விலைச்சீட்டின் அருகே வைக்கப்படும்போது அழுகை இளிவரலாகத் திரிகின்றது. வாங்குவோன் மோர்மிளகாயை வாங்கவில்லை, இரக்கத்தை வாங்குகின்றான். இரக்கம் ஒருமுறை வாங்கும், மறுமுறை வாங்காது. மோர்மிளகாய் நன்றாக இருந்ததோ என்று கேட்பாரும் இல்லை. செய்தவளுடைய தொழிற்றிறம் எவராலும் காணப்படாது மறைந்தொழிகின்றது. அவளுடைய பிள்ளை நாளை பாடசாலை செல்லும்போது, அப்படம் சக மாணாக்கர் கையிலும் இருக்கும். திரையில் ஏறிய படத்தை முற்றாக மீட்டல் அரிது.

இவ்விடத்தே வேண்டப்படும் மெய்ப்பாடு பெருமிதமாகும். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்துக்கு நிலைக்களன்களாகச் சொல்லப்பட்டன. ஒரு கைவினைஞர் தம் தொழிலை அறிந்த அறிவு, கல்வியின்பாற்படும். இழப்பின்பின் தொழில் தொடங்கிய துணிவு, அஞ்சாமையின்பாற்படும். உப்பின் அளவைக் கையாலறியும் திறத்தைக் காட்டுக; எத்தனை வெயிலிற் காயவேண்டும் என்பதை அவர் வாயாற் சொல்லச் செய்க; அவர் இசைந்தாலன்றி முகத்தைக் காட்டற்க. அவ்வாறாயின் காண்போன் அவரை நோக்கிக் குனிந்து இரங்கான், நிமிர்ந்து மதிப்பான். மதிப்பு மறுமுறையும் வாங்கும்.

இனி உண்மைத்தன்மை பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். செய்யுளிலே உயர்வு நவிற்சி அணியாகும். மாடம் முகிலைத் தொட்டது எனப் புலவர் பாடினால், அது பொய்யென வழக்குத் தொடுப்பார் இல்லை. கேட்போனும் அதனை அணியென்றே அறிவான். அதனால் அவனுக்கு இழப்பும் இல்லை. விளம்பரத்தின் நிலை வேறு. காண்போன் அதனை நம்பிக் காசு கொடுக்கின்றான். ஆதலின் அங்கே உயர்வு நவிற்சி அணியாகாது, வஞ்சனையாகும். பிறர் சமைத்த உணவின் படத்தை எடுத்துத் தம்மதாகக் காட்டுதல், நிறங்களை மாற்றிப் பழையதைப் புதியதாக்குதல், செயற்கை நுண்ணறிவாற் செய்த படத்தைத் தம் பட்டறையென இடுதல் என்பன எல்லாம் இதனுள் அடங்கும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வாணிக ஒழுக்கத்தைத் தடைசெய்கின்றது. சட்டம் இல்லாவிடினும் அழகியல் இதனைத் தடைசெய்யும். தண்டியலங்காரம் பொருளணிகளைக் கூறப்புகுந்து முதற்கண் வைத்தது தன்மையணியை. உள்ளதை உள்ளவாறு, அதன் உண்மைத்தன்மை விளங்கக் காட்டுதலே அவ்வணி. வாணிகருக்கு அவ்வோர் அணியே அமையும்.

விலையை மறைத்தலும் ஒருவகைப் பொய்யே. அழகிய படங்கள் பத்து இடுவர். விலை யாது என்று கேட்டால், உள்பெட்டியில் வருக என விடை வரும். ஆளுக்கொரு விலை சொல்லுதற்கே இம்மறைவு என்னும் ஐயம் காண்போர்க்கு எழுதல் இயல்பு. பட்டினப்பாலை கூறும் வணிகரை ஈண்டு நினைத்தல் தகும். அவர் பழிக்கு அஞ்சி மெய்யே கூறினர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப எண்ணினர். மிகையாகக் கொள்ளாதும் குறைவாகக் கொடாதும் விலையை வெளிப்படச் சொல்லி விற்றனர். அவ்வங்காடியிலே ஈழத்திலிருந்து சென்ற உணவுப்பொருளும் இருந்தது என்பது நமக்கு உவகை தருவது. கடல் கடந்து சென்ற நம் பண்டம் மறைவின்றி விலை கூறும் அங்காடியிலேயே விற்கப்பட்டது.

மறுப்பொன்று எழலாம். விடியுமுன் எழுந்து இரவுவரை உழைக்கும் சிறு வாணிகருக்கு இத்தனை ஆராய்ச்சிக்குப் பொழுது ஏது? ஊடக நிறுவனங்களின் கணிப்பு முறைகளோ, விரைவானதும் வியப்பானதுமான படங்களையே பலருக்குக் காட்டுகின்றன. மெல்ல உண்மை கூறும் கதையை யார் காண்பார் என்பதும் அம்மறுப்பின் ஒரு பகுதி. இம்மறுப்பிலே உண்மை உண்டு. ஊடகப் பக்கம் வாணிகருக்குச் சொந்தமன்று. அது வாடகைக் கூரை. அதனை உடையோர் விதியை மாற்றினால் நேற்றுவரை ஆயிரம்பேர் கண்ட படத்தை இன்று பத்துப்பேரே காண்பர். ஆதலால் எடுத்த படங்களைத் தம்மிடமும் சேமித்து வைத்தலும், வாடிக்கையாளர் பெயர்களைத் தம் கைக்குறிப்பேட்டிலே எழுதி வைத்தலும் அறிவுடைமை.

ஆயினும் ஊர்க்கடைக்கு வேண்டுவது இலட்சம்பேரின் விருப்பக் குறியன்று. அயலில் உள்ள சில நூறு குடும்பங்களின் நம்பிக்கையே அதற்கு முதல். உலகப் பெருங் கொம்பனியின் விளம்பரக் கதையை எவரும் நேரிற் சென்று சரிபார்த்தல் இயலாது. ஊர்க்கடையின் கதையையோ, மாலையில் மிதிவண்டியிற் சென்று கண்ணாற் கண்டு சரிபார்க்கலாம். இதுவே ஊர் வாணிகத்தின் தனிவலி. கடல் கடந்து வாழ்வார்க்கு அவ்வாய்ப்பு இல்லை; ஆகவே அவர்க்கு விற்போர் இன்னும் மெய்யுடையராதல் கடன்.

பொழுதில்லார்க்கும் மூன்று படங்கள் போதும். எதனாற் செய்தது, எக்கை செய்தது, என்னவாக முடிந்தது என்னும் மூன்று. அவற்றின்கீழ் நிறை, விலை, கிடைக்கும் இடம் என்னும் மூன்று. இவ்வாறும் அமைந்தாற் கதையும் முடிந்தது; கடமையும் முடிந்தது. படம் சற்று மங்கலாயிருப்பினும் குற்றமில்லை. நெறிதவறிய அழகினும் நெறிநின்ற எளிமை சிறந்தது.

இதிலே நம் மாணாக்கர் செய்தற்குரிய பணியும் உளது. தமிழைக் கற்றோர், பிழையற்ற இரண்டு வசனம் எழுதிக் கொடுக்கலாம். சித்திரம் பயில்வோர், வெயில் எப்பக்கம் விழும்போது படமெடுத்தல் நன்று என்று சொல்லலாம். வணிகம் கற்போர், விலையை மறைத்தலால் வரும் கேட்டை எடுத்துக்காட்டலாம். தம் வீட்டுக்கு நாள்தோறும் பண்டம் தரும் கடைக்காரர் ஒருவரிடம் சென்று அவர் தொழிலின் கதையைக் கேட்டாலே போதும்; பாதி வேலை முடிந்துவிடும்.

பண்டைக் கொடி, இங்கே இருக்கின்றேன் என்று மாத்திரம் சொல்லிற்று. இன்றைய காட்சிக் கதையோ, நான் இன்னார், இவ்வாறு உழைக்கின்றேன் என்று சொல்ல வல்லது. அவ்வாற்றலைப் பெற்ற காலத்தே பிறருடைய படத்தாலும் பிறருடைய கண்ணீராலும் நம்மை அறிமுகப்படுத்துதல் பேரிழப்பாகும். பண்டம் மெய்யாயிருப்பின் படமும் மெய்யாயிருக்க அஞ்சவேண்டியதில்லை என்பதே இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபு.